கழுவி வைத்த படிக்கம்

செப்டம்பர் 4

எனக்கு டைரி எழுதும் பழக்கம் கிடையாது. செய்த பாவத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால் பாவசங்கீர்த்தனம் சீக்கிரம் முடியும் என்று பங்குச்சாமியார் சொன்னபோதுகூட, தாள் போட்டு எழுதுகிற அளவுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று கேட்டவள் நான். ஆனால் இன்று வந்த எரிச்சலுக்கு யார்மேலாவது எரிந்து விழ வேண்டும். வீட்டில் நான் ஒருத்திதான். ஆகவே உரக் கம்பெனிக்காரன் கொடுத்த டைரியின் தலையில் விடிந்தது.

பெங்களூர் ஷெனாய் மூன்றாவது சாம்பிளையும் திருப்பி அனுப்பிவிட்டார். "நல்ல பிராந்திதான் மேடம், குறை சொல்ல முடியாது. ஆனா உங்க அப்பாவோடது இது இல்லையே" என்று போனில் சொன்னார். ஹோட்டல் வைத்திருக்கிறவர், வருஷா வருஷம் எங்கள் பழைய சரக்கு முழுவதையும் எடுத்துக்கொள்கிறவர். அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியாது. பாட்டிலை அலமாரியில் வைத்துப் படாரென்று சாத்தினேன்.

திராட்சையைப் பிழிந்து புளிக்கவிட்டு, செம்பு வாலையில் காய்ச்சி இறக்கி, ஓக் பீப்பாயில் அடைத்துப் பன்னிரண்டு வருஷம் குடோனில் போட்டால் பிராந்தி என்று எங்கள் கம்பம் ஊரில் பலபேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதுவரைக்கும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கல்யாணம் கட்டாமல் வாலையைக் கட்டிக்கொண்டவள் என்று என்னைச் சும்மாவா சொல்கிறார்கள். கலக்குகிற வேலைதான் வம்பு. ஒரே வருஷத்துச் சரக்கு, ஒரே மரம், ஆனால் பீப்பாய்க்குப் பீப்பாய் குணம் வேறு. அப்பா ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார். ஊமை, வாயாடி, கோள்மூட்டி, மூத்த மருமகள். எதில் எவ்வளவு எடுத்து எதோடு சேர்ப்பது என்பது அவர் நாக்குக்குத்தான் தெரியும். ஜூன் மாதம் அந்த நாக்கோடு போய்ச் சேர்ந்துவிட்டார்.

எனக்கு அந்த நாக்கு இல்லையாம். அப்பாவே சொல்லியிருக்கிறார், வந்தவர்கள் முன்னால், சிரித்துக்கொண்டே. கெமிஸ்ட்ரி படித்தவளைப் பார்த்து. அது கிடக்கட்டும்.

நாக்கு இருப்பது கஸ்பார் அண்ணனுக்கு. அவனை அப்பா பக்கத்திலேயே வைத்துப் பழக்கினார். பழகினது கொஞ்சம் அதிகமாகிவிட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஈஸ்டர் விருந்தில் எல்லோர் முன்னாலும் ரத்தமாக வாந்தி எடுத்தான். மதுரை டாக்டர், "பிழைக்க வச்சுட்டேன். இனி ஒரு மடக்கு குடிச்சாலும் என்கிட்ட தூக்கிட்டு வராதீங்க" என்று சொல்லி அனுப்பினார். அன்றோடு நிறுத்தினான். குடோன் சாவி அவனிடமிருந்து எனக்கு வந்தது, திராட்சைப் பந்தல் அவனுக்குப் போனது. குடோன் பக்கம் அவன் நிழல்கூட விழுவதில்லை.

சென்னைத் தம்பி ஆல்பர்ட் சாயங்காலம் பேசினான். கிறிஸ்துமஸுக்குள் ஷெனாய் சரக்கு எடுக்கவில்லை என்றால் தோட்டத்தைப் பிளாட் போட்டுவிடலாம் என்கிறான். அவனுக்கு என்ன, சொல்லிவிட்டுப் படுத்துவிடுவான்.

செப்டம்பர் 9

தோட்டத்துக்காகத்தான் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வேறு எதற்காகவும் இல்லை.

செலின் மதினி நெத்திலி அலசிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட டீச்சர், சனிக்கிழமைதான் நிதானமாக மீன் வாங்குவாள். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சட்டியை நங்கென்று வைத்தாள்.

"ஒம்பது வருசமா அந்த மனுசன் கையில காப்பி டம்ளரத் தவிர வேற எதையும் நான் பாக்கல. அது பொறுக்கலயா தெக்கிளா ஒனக்கு?"

"குடிக்கச் சொல்லல மதினி. மோந்து பாத்துச் சொன்னாப் போதும். அப்படியே நாக்குல வச்சாலும் துப்பிரணும். அப்பா காலம்பூரா துப்பிக்கிட்டுத்தான இருந்தாரு? ஒருநாளாச்சும் தள்ளாடிப் பாத்திருக்கீங்களா?"

"ஒங்கப்பா வேற, இவரு வேற."

"தோட்டமே போயிரும் மதினி."

அண்ணன் முற்றத்தில் கவாத்துக் கத்தரியைத் தீட்டிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை. தீட்டுகிற சத்தம் மட்டும் நின்றிருந்தது.

மதினி மிச்ச மீனையும் அலசி முடித்தாள். பிறகு ஒரு நிபந்தனை போட்டாள். காலையில் மட்டும். நான் பக்கத்தில் இருக்க வேண்டும். "ஒரு மடக்கு உள்ள போச்சுன்னாலும் அன்னைக்கே வந்து எங்கிட்டச் சொல்லணும். மறைக்கக் கூடாது. மாதா படத்துல கைய வச்சுச் சொல்லு" என்றாள். வைத்துச் சொன்னேன். அப்புறம் எனக்கும் ஒரு தட்டு சோறு போட்டாள். நெத்திலிக் குழம்பு அவள் கைக்கு ஈடு கிடையாது.

செப்டம்பர் 12

அண்ணன் வந்தான். குடோன் நிலைப்படியில் நின்றுவிட்டான். "வாண்ணே" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான், கோயிலுக்குள் வருகிறமாதிரி.

மூக்கால் மட்டும்தான் பார்த்தான். கண்ணாடிக் குழாயை விட்டு ஒவ்வொரு பீப்பாயிலும் கொஞ்சம் எடுத்து நான் கிளாஸில் ஊற்ற ஊற்ற, ஒன்று விடாமல் பெயர் சொன்னான். ஒன்பது வருஷம் கழித்து! "இது கோள்மூட்டி. இன்னும் அடங்கல. இது ஊமை, இப்பத்தான் வாயத் தொறக்குறா." நான் பீப்பாய்களின் பின்பக்கம் சாக்கட்டியால் எழுதியிருந்ததைச் சரிபார்த்தேன். எல்லாம் சரி. எரிச்சலாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

போகும்போது, "அப்பா வாசன அப்படியே இருக்குல்ல தெக்கி?" என்றான். கண் கலங்கியிருந்தது.

செப்டம்பர் 14

தோப்புப் பக்கத்து மோட்டார் எரிந்துவிட்டது. காயில் கட்டுகிறவன் நாளை வருகிறேன் என்று நாலு நாளாகச் சொல்கிறான்.

செப்டம்பர் 19

மூக்கு போதாது என்று ஆகிவிட்டது. வாசனை ஒன்று சொல்கிறது, வாய் வேறொன்று சொல்கிறது. அப்பாவின் கடைசிப் பாட்டிலில் பாதி மிச்சமிருக்கிறது, அதுதான் எங்களுக்கு அளவு. அதையும் நாங்கள் கலந்ததையும் அடுத்தடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தால்தான் எது குறைகிறது என்று தெரியும்.

"நீயே சொல்லு தெக்கி. வேணாம்னா வேணாம்" என்றான்.

அப்பா துப்புகிற பித்தளைப் படிக்கத்தைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்து வைத்திருந்தேன். அதை அவன் பக்கத்தில் வைத்தேன்.

ஒரு மிடறு வாங்கினான், கண்ணை மூடினான், இந்தக் கன்னம் அந்தக் கன்னம் சுழற்றினான், துப்பினான். சுத்தமாகத் துப்பினான். நான் பார்த்தேன். "ஊமையில இன்னும் ஒரு அளவு. மூத்த மருமகளக் கொறச்சுக்க" என்றான். அப்படியே கலந்தேன். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அப்பா கதவுக்குப் பின்னால் நிற்பதுபோல் ஒரு வாசம்.

படிக்கத்தைக் கழுவி வாசல் தொட்டி ஓரத்தில் கவிழ்த்தேன்.

செப்டம்பர் 23

வேலை நடக்கிறது. படிக்கத்தைக் கழுவி வைத்தேன். மோட்டார் வந்துவிட்டது.

செப்டம்பர் 29

ஒரு சின்ன விஷயம். அண்ணன் போனபிறகு கழுவலாம் என்று படிக்கத்தை எடுத்தேன். அடியில் ஈரம் இல்லை. காலையிலிருந்து ஆறேழு கிளாஸ் பார்த்திருக்கிறான்.

நடுவில் ஆல்பர்ட் போன் வந்து நான் வெளியே போனேன். அந்த நேரத்தில் ஜன்னல் வழியாகத் துப்பியிருப்பான். குடோனுக்கு ஜன்னல் உயரத்தில் இருக்கிறது என்றாலும் அவன் நல்ல உயரம். அல்லது காய்ந்துபோயிருக்கும். பிராந்தி சீக்கிரம் காய்கிற சரக்குதானே.

கழுவினேன். தண்ணீர் சொட்டச் சொட்டத் தொட்டி ஓரத்தில் கவிழ்த்தேன். மதினி பள்ளிக்கூடம் விட்டு அந்த வழியாகத்தான் வருவாள்.

அக்டோபர் 3

நல்ல மழை. படிக்கம் கழுவி வைத்தேன்.

அக்டோபர் 7

கலால் ஆபீசிலிருந்து மாதக் கணக்குப் பார்க்கத் தவமணி சார் வந்தார். நல்ல மனிதர், சர்க்கரை போடாத டீ குடிப்பவர். அளவுக்கம்பை ஒவ்வொரு பீப்பாயிலும் விட்டு விட்டு எடுத்தார். எங்கள் ஊர் வெக்கைக்குப் பீப்பாயில் இருப்பது மரம் வழியாக ஆவியாகிக் குறைந்துகொண்டே போகும். அதைக் "கூரை குடிச்சது" என்பது எங்கள் வீட்டு வழக்கம். தாத்தா சொன்னது. இப்போது ஆபீசிலும் அப்படியே சொல்கிறார்கள்.

"என்ன மேடம், இந்த மாசம் கூரை கொஞ்சம் ஓவராக் குடிச்சிருச்சுபோல?" என்றார்.

"வெயில் சார்."

"வெயிலா? ரெண்டு வாரமா ஊத்து ஊத்துன்னு ஊத்துது!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சாம்பிளுக்கு எடுக்கிறோம் என்றேன். அது உண்மைதான். அவருக்கும் அதற்குமேல் தோண்டும் புத்தி இல்லை, எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணன் பீப்பாய்க்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். சிரிக்கவில்லை.

அக்டோபர் 11

எழுதிவிடுகிறேன், கிழித்துப் போட மாட்டேன். படிக்கம் தினமும் காய்ந்துதான் கிடக்கிறது. தினமும் அதைத் தண்ணீர் விட்டுக் கழுவிக் கவிழ்க்கிறேன். சுத்தமாக இருப்பதைக் கழுவுவதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அவன் தள்ளாடவில்லை. பேச்சுக் குழறவில்லை. போய்ப் பந்தல் வேலை பார்க்கிறான். கலவை முக்கால்வாசி வந்துவிட்டது. இந்த நேரத்தில் மதினியிடம் போய்ச் சொன்னால் அத்தோடு சரி. இன்னும் பத்துப் பதினைந்து நாள். முடிந்ததும் நானே சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டுக் காலில் விழுந்துவிடுவேன்.

அக்டோபர் 16

இன்றோடு முடிந்திருக்க வேண்டும்.

காலையில் கலந்ததை அப்பா பாட்டிலோடு வைத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. நாக்கில்லாதவள் எனக்கே தெரிந்தது. துள்ளிக் குதிக்காத குறைதான்.

அண்ணன் ஒரு வாய் வாங்கினான். முழுங்கினான். என் கண் முன்னாலேயே முழுங்கினான். தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். நான் பீப்பாயின் மூடியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"இல்ல தெக்கி. வாயாடி தூக்கலா நிக்கிறா. சரி வராது. மொதல்லருந்து பண்ணுவோம்" என்றான்.

சரியாகத்தான் இருக்கிறது அண்ணே என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நாளை முதல் அவனுக்கு இங்கே வேலை இல்லை. சொல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம் நன்றாக வரலாம், அப்பாவுடையதைவிடவும் நன்றாக. அப்படி வந்தால் யாரும் எதுவும் சொல்ல முடியாது. "சரிண்ணே, மொதல்லருந்தே பண்ணுவோம்" என்றேன். அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

அக்டோபர் 18

இப்போதெல்லாம் நான் வருவதற்கு முன்னால் குடோன் வாசலில் வந்து நிற்கிறான். பூட்டைத் திறக்கும்வரை கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறான். குளிர்கிறதாம்.

அக்டோபர் 22

ஞாயிறு பூசை. கோயில் படியிலேயே மதினி கேட்டுவிட்டாள்.

"துப்புறாரா தெக்கிளா?"

"துப்புறான் மதினி."

"ராத்திரி சரியாச் சாப்புட மாட்டேங்கிறாரு. மொகமும் ஒரு மாதிரி உப்புன மாதிரி இருக்கு. நான் வேற எப்பவும் சந்தேகப்பட்டுக்கிட்டே இருந்தா நல்லாவா இருக்கு?"

"பந்தல் வேல சாஸ்தி மதினி. மழையில நனையுறான்ல."

"அதான் நானும் நெனச்சேன். போறப்ப வாறப்ப படிக்கம் கழுவிக் கவுத்திருக்கிறதப் பாப்பேன். அதப் பாத்தாத்தான் எனக்கு மனசு ஆறும்" என்றாள்.

இந்தப் பாவத்தோடு நன்மை அப்பம் வாங்கப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வருஷத்துக் கலவையில் முதல் கிளாஸ் கல்லறைக்கு. மூத்தவன் கையால் ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் பாட்டிலில் அடைப்பது. போன வருஷம்வரை தாத்தா கல்லறையில் அப்பா ஊற்றினார். இந்த வருஷம் அப்பாவுக்கு அண்ணன் ஊற்ற வேண்டும்.

வெள்ளையடித்துச் செவந்திப்பூப் போட்டு மெழுகுவத்தி ஏற்றியாயிற்று. பங்குச்சாமியார் மந்திரித்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போனார். நான் கிளாஸை அண்ணன் கையில் கொடுத்தேன். இரண்டாவது தடவை கலந்தது, மூன்றாவது தடவை கலந்தது எல்லாம் போய், கடைசியில் அக்டோபர் பதினாறாம் தேதிக் கலவைக்கே திரும்பி வந்து நின்றோம். அதுதான் அந்தக் கிளாஸில் இருந்தது.

அண்ணன் குனிந்து பாதியை ஊற்றினான். மண் குடித்தது. மீதியோடு அப்படியே நின்றான். ஆல்பர்ட் இருக்கிறான், பெரியப்பா வீட்டு ஆட்கள் இருக்கிறார்கள், மதினி மெழுகுவத்தியோடு நிற்கிறாள். அவன் யாரையும் பார்க்கவில்லை. கிளாஸையே பார்த்தான். நிமிஷம் போய்க்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய் அவன் கையோடு சேர்த்துக் கிளாஸைக் கவிழ்த்தேன். அவன் பிடி அவ்வளவு லேசில் விடவில்லை.

அப்பா ஞாபகம் வந்துவிட்டது, பாவம் என்று பெரியப்பா மகள் மூக்கைச் சிந்தினாள். மதினி என் தோளைத் தொட்டு, "நல்லவேள நீ இருந்த" என்றாள். அப்பா கல்லறையைப் பார்க்கவே எனக்குத் துணிவில்லை. அவர் மூக்குக்குத் தெரியாமலா போகும், அது யார் கலந்தது என்று, எப்படிக் கலந்தது என்று?

நவம்பர் 8

பாட்டில் போட்டாயிற்று. சாம்பிள் பெங்களூர் போயிற்று.

"வேல முடிஞ்சதுண்ணே" என்றேன்.

"முடிஞ்சிருச்சா?" என்றான். "கலவை அமரணும்ல. ஒரு வாரம் கழிச்சு ஒருக்காப் பாத்துருவோம்."

"வேணாம்ண்ணே. நல்லா வந்திருக்கு. போதும்."

"ஊமைய மட்டுமாச்சும்..."

"போதும்னு சொன்னேன்ல!" கத்திவிட்டேன். அவன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனான். குடோனைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். எவ்வளவு கண்டிப்பானவள் நான்! வேண்டியது எல்லாம் கைக்கு வந்தபிறகு வருகிற கண்டிப்பு.

மதினியிடம் இன்று சொல்வதாக இருந்தது. பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். இன்னொரு நாள் சொல்லலாம்.

நவம்பர் 17

ஷெனாய் பேசினார். முழுச் சரக்கையும் எடுத்துக்கொள்கிறாராம். "கண்ண மூடிக் குடிச்சா உங்க அப்பா எதிர்ல உக்காந்திருக்காரு மேடம். யாரு கலந்தது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

வாயில் அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. இல்லை, தெரியும். ஜூன் மாதத்திலிருந்தே தொண்டையில் நின்றுகொண்டிருந்தது. இருபது வருஷமாகக்கூட இருக்கலாம். அவர் பாராட்டப் பாராட்டக் கேட்டுக்கொண்டே இருந்தேன். போனை வைத்தபிறகு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

நவம்பர் 18

பைபாஸ் சாராயக்கடை பக்கம் அண்ணன் நின்றதைப் பார்த்ததாகப் பால்காரர் சொன்னார். பக்கத்திலேயே சைக்கிள் கடை இருக்கிறது, காற்றடிக்கப் போயிருப்பான் என்றேன். அவர் பாலை ஊற்றிவிட்டுப் போனார். அண்ணனிடம் சைக்கிள் இல்லை.

நவம்பர் 24

தேனி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அண்ணன் பந்தலுக்குக் கீழே கிடந்தான். மருந்தடிக்க வந்தவர்கள் பார்த்துவிட்டுக் கத்தினார்கள். திராட்சைச் சாறு கொட்டிக் கிடக்கிறது என்று முதலில் நினைத்தார்களாம். வாயெல்லாம் ரத்தம். நான்தான் மடியில் போட்டு ஜீப்பில் கொண்டுவந்தேன். வழியெல்லாம், "மதினிகிட்டச் சொல்லாத தெக்கி, மதினிகிட்டச் சொல்லாத" என்றான். எதைச் சொல்லாதே என்கிறான் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒரே திருட்டில் இருந்தவர்கள்.

வாய் வழியாகக் குழாய் விட்டு ரத்தக் கசிவைக் கட்டியிருக்கிறார்கள். மாதாவே, அவன் போனால் நான்தான் கொன்றேன்.

நவம்பர் 26

கண் விழித்தான். இந்தத் தடவை தப்பித்தான், அடுத்த தடவை கிடையாது என்று இங்கேயும் ஒரு டாக்டர் சொல்லிவிட்டார். மதினி அழவில்லை. இட்லி வாங்கி வந்து என்னைச் சாப்பிடச் சொன்னாள். "ராத்திரியெல்லாம் முழிச்சிருக்க, ரெண்டு வாய் போடு" என்றாள். சாப்பிட்டேன். இறங்கியது. நான் எது செய்தாலும் எனக்குச் சோறு இறங்குகிறது.

டிசம்பர் 2

அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இன்று சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வாசலில் மதினி நின்றிருந்தாள். கஞ்சிக்கு நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவந்தேன் என்று பாட்டிலை நீட்டினேன். நல்லவேளையாகப் பாட்டிலாவது கொண்டுபோயிருந்தேன்.

அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தான். கண் மஞ்சளாக, கன்னம் ஒட்டி, நம் அண்ணனா இது என்று இருந்தது. மதினி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"தெக்கிளா, ஒண்ணு கேப்பேன். ஒளிக்காமச் சொல்லு. குடோன்ல இருக்கும்போதே ஆரம்பிச்சிட்டாரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பேசினான்.

"அவள எதுக்குக் கேக்குற? அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அங்க இருந்தவரைக்கும் அவ கண்ணு முன்னாலதான் துப்புனேன். வேல முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சுத்தான் பைபாஸ் கடைக்குப் போனேன். அது என் புத்தி. தெக்கி பக்கத்துல இருந்தவரைக்கும் நான் ஒழுங்காத்தான் இருந்தேன்."

மதினி தலை குனிந்தாள். பிறகு கஞ்சிக் கையோடேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்க தாயி. ஒன்னயப் போயி சந்தேகப்பட்டேன். ஆஸ்பத்திரி பெஞ்சுல ஒன் மொகத்தப் பாக்கும்போதெல்லாம் இவதான் கெடுத்திருப்பான்னு மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு" என்றாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் என் கையில் விழுந்தது.

சொல்லு, சொல்லு என்று உள்ளே ஒருத்தி குத்துகிறாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவால்ல மதினி" என்றேன். சீ!

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணு. திங்கக்கெழம நான் பள்ளிக்கூடம் போயாகணும், லீவு இல்ல. இவரத் தனியா விட்டா எந்திரிச்சதும் மறுபடி பைபாஸுக்குத்தான் போவாரு. பகல்ல ஒன் பக்கத்துலயே வச்சுக்க. குடோனா இருந்தாலும் சரி, வாலையா இருந்தாலும் சரி. ஒன் கண்ணு முன்னாலன்னா எனக்குப் பயமில்ல."

"ஆமா, அதான் சரி. தெக்கிகூடவே இருந்துக்கிறேன்" என்றான் அண்ணன். இரண்டு வாய் கஞ்சிக்கு மூச்சு வாங்கியவன், அதை மூச்சு விடாமல் சொன்னான். எனக்காகப் பொய் சொன்னானே, எப்பேர்ப்பட்ட அண்ணன் என்று நெஞ்சு நெகிழ்ந்துபோய் அவனைப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடுப்புச் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு நொடிகூட என்னால் முடியவில்லை.

"மதினி, அவன் சொல்றது பொய். குடோன்லயேதான் ஆரம்பிச்சான். துப்பவே இல்ல. எனக்கு மொதல்லருந்தே தெரியும். காஞ்ச படிக்கத்தத்தான் தெனமும் கழுவி ஒங்க கண்ணுல படுற மாதிரி வச்சேன். கலவை முடியணும்னு விட்டுட்டேன். இவன என்கூட அனுப்பாதீங்க. என்ன ஆனாலும் அனுப்பாதீங்க."

மதினி என்னைப் பார்த்தபடியே இருந்தாள். அண்ணன்தான் கத்தினான். எழுந்து உட்காரப் பார்த்து, முடியாமல் தலையணையில் விழுந்து கத்தினான்.

"எதுக்குடி சொன்ன? பாவி, நான் ஒன்னயக் காப்பாத்துனேன்ல? வாய மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா? இனிமே என்னய அங்க விடுவாளா?"

சொல்லிவிட்டுக் குழந்தைபோல் அழுதான். மதினி அவனையும் பார்த்தாள். அவள் கையிலிருந்த கரண்டியில் கஞ்சி வழிந்துகொண்டிருந்தது. புரிந்துகொண்டாள் என்று தெரிந்தது. என்னைப் புரிந்ததைவிட அவனைப் புரிந்துகொண்டதுதான் அவளுக்கு அதிகம் வலித்திருக்கும்.

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்துபோய் ஊறுகாய் பாட்டிலை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். திரும்பப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து, "வாயத் தொறங்க" என்று அடுத்த கரண்டியை அவனுக்கு ஊட்டினாள்.

நான் வந்துவிட்டேன். வாய்க்கால் தாண்டும்வரைக்கும் அண்ணன் சத்தம் கேட்டது. என் பெயரைச் சொல்லித்தான் திட்டினான்.